உருவும் பொறியும்: அமெரிக்கச் சொகுசுக் காரும் வன்னி கண்ட ஒஸ்ரினும்

எழுத்துக்களை உயிர் என்றும் மெய் என்றும் உயிர்மெய் என்றும் பகுத்துக் கற்பித்தல் எமது அன்றாடத் தொழில். அப்பழக்கத்தினாற் போலும், மோட்டார் வண்டி ஒன்றைக் காணும்போதும் இதன் மெய் யாது, உயிர் யாது என வினவும் இயல்பு எமக்கு உண்டாயிற்று. நான்கு கதவும் நிலையான கூரையும் உடைய காரை ஆங்கிலேயர் சலூன் என்பர்; அமெரிக்கர் செடான் என்பர். அமெரிக்கரின் சொகுசுச் செடான்கள் தோற்றத்தாலும் பொறியமைப்பாலும் வளர்ந்த வகையையும், அத்தோற்றத்தின் சாயல் முல்லைத்தீவு வரை வந்து சேர்ந்த வரலாற்றையும் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

காரின் தோற்றத்தை ஒரு தனிக் கலையாக வளர்த்தவர் ஹார்லி ஏர்ள் என்பவர். 1927ஆம் ஆண்டிலே ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியார் கலைக்கும் வண்ணத்துக்குமெனத் தனிப்பிரிவு ஒன்றை நிறுவி அவரைத் தலைவராக்கினர். அவர் களிமண்ணினால் முழு அளவில் உருச்செய்து, அதனைச் சுற்றி வந்து நோக்கித் திருத்திய பின்னரே தகட்டுக்குச் செல்வார். எமது சிற்பிகள் முதற்கண் மெழுகிலே உருச்சமைத்து அதன்பின் உலோகம் வார்ப்பதனை இது ஒக்கும். கார் நீண்டும் தாழ்ந்தும் தோன்றல் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆண்டுதோறும் உருவை மாற்றுதலும் அக்கம்பனியின் வழக்கமாயிற்று. புடைவைக் கடைக்காரர் தீபாவளிக்குத் தீபாவளி புதுக்கரை காட்டுவது போன்ற வாணிப உத்தியே அது.

1948ஆம் ஆண்டுக் கடிலாக் காரின் பின்புறத்திலே சிறு செட்டைகள் இரண்டு முளைத்தன. பி-38 லைற்னிங் என்னும் போர் விமானத்தின் வாலைக் கண்டு எழுந்த கற்பனை அது. பதினோராண்டு கழிந்து, 1959இல், அச்செட்டைகள் சுறாவின் முதுகுச் செட்டை போல் ஓங்கி நின்றன. அவ்வாண்டுக் காரின் நீளம் 18 அடி 9 அங்குலம்; நிறையோ இரண்டு தொன்னுக்கு மேற்பட்டது. இச்செட்டைகள் காற்றிலே வண்டியை நிலைநிறுத்தும் எனக் கிறைஸ்லர் போன்ற கம்பனியார் விளம்பரஞ் செய்தனர். மீனுக்குச் செட்டை இன்றியமையாதது என்பதை முல்லைத்தீவுக் கரையிலே சிறு பிள்ளையும் அறியும். சாதாரண தெருவில் ஓடும் காருக்கோ அது வெறும் அணியே என்பது எமது துணிபு. அணி மிகின் பொருள் மறையும் என்று மாணவரின் கட்டுரையைத் திருத்துகின்ற நாம் இதனை மட்டும் எவ்வாறு புகழ்வது?

ஆயினும் அமெரிக்கப் பொறியியலாளரைக் குறைத்து மதித்தல் தகாது. கைபிடி கொண்டு சுழற்றிக் காரை உயிர்ப்பித்த காலத்திலே, 1912ஆம் ஆண்டுக் கடிலாக் காருக்கு மின்னாலியங்கும் தொடக்கியை அமைத்தவர் சார்ள்ஸ் கெற்றரிங். கிளச்சு மிதியாமலே கியர் தானே மாறும் அமைப்பு 1941இல் கடிலாக்குக்கு வந்தது. 1949இல் வந்த எட்டு உருளை எஞ்சின் 160 பரிவலு தந்தது. அதன் நெருக்கல் விகிதம் ஏழரைக்கு ஒன்று. அஃதாவது, உருளைக்குள் வந்த காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையை ஆடுதண்டு ஏழரையில் ஒரு பங்காக நெருக்கும். அதன்பின் பொறி பறந்து தீப்பற்றும். நெருக்கம் கூடக் கூட ஒரே அளவு எண்ணெயிலிருந்து பெறும் வலுவும் கூடும். 1959இல் அவ்விகிதம் பத்தரை ஆயிற்று. பரிவலு 325 ஆயிற்று. அத்துணை நெருக்கத்தைத் தாங்குவதற்குப் பெற்றோலில் ஈயச் சேர்வை கலந்தனர். அது காற்றை நஞ்சாக்கிற்று என்பதும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

இனி எமது நாட்டுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின் பின் பிரித்தானியா டொலர் ஈட்டுதற்காகக் கார்களை அமெரிக்காவுக்கும் ஏனைய நாடுகளுக்கும் ஏற்றுமதி செய்ய முற்பட்டது. ஆதலின் அந்நாட்டுக் கார்களும் அமெரிக்க உருட்சியை மேற்கொண்டன. 1952 முதல் 1954 வரை செய்யப்பெற்ற ஒஸ்ரின் ஏ-40 சோமசெற் என்னும் காரை நோக்குக. புடைத்த மூக்கு, உருண்ட முதுகு, சுக்கானடியில் கியர்த்தண்டு - யாவும் அமெரிக்கச் சாயலே. நீளம் மாத்திரம் 13 அடியளவு, பரிவலு 42. 1959இல் வந்த ஒஸ்ரின் கேம்பிறிஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் என்பவற்றை வரைந்தவர் இத்தாலியராகிய பினின் பரீனா. அவற்றின் பின்புறத்திலும் அமெரிக்கச் செட்டை ஏறிற்று. இவ்வாறு கடிலாக்கின் அணி, மூன்றாங்கை மாறி, பரந்தன் தெருவாலும் மாங்குளந் தெருவாலும் முல்லைத்தீவுக்கு வந்து சேர்ந்தது.

அணி வந்ததேயன்றி உயர்ந்த நெருக்கம் உடன் வரவில்லை. சோமசெற் காரின் நெருக்கல் விகிதம் ஏழுக்குச் சற்றே மேற்பட்டது. அமெரிக்கக் கண்ணுக்கு அது பின்தங்கிய எஞ்சின். எண்ணெயை வீணாக்கும் எஞ்சின். அக்குறையே பின்னர் எமக்குக் கைகொடுத்தது.

1990ஆம் ஆண்டு ஆனியிலே போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு கிடைத்தது. அதுவும் விலையேறி நின்றது. மண்ணெண்ணெயை மிக நெருக்கினால், பொறியால் எழுந்த தீ முற்றும் பரவுமுன் அது தானே தீப்பற்றி எஞ்சினைத் தட்டும். பத்தரை விகிதமுடைய எஞ்சின் இத்தட்டலால் விரைவில் உடைந்துபோம். ஏழளவான விகிதமுடைய பழைய எஞ்சினோ ஒருவாறு பொறுத்துக்கொள்ளும். மேலும் மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினிலே ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலிலே பேணிய பெற்றோலைச் சேலைன் குழாய் வழியாகக் காபுரேற்றருக்குச் சொட்டவிட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். பிரித்தானியாவில் 1949 முதல் பேர்குசன் உழவியந்திரத்தின் ஒரு வகை இம்முறையிலேயே பெற்றோலில் தொடங்கி, மலிந்த எண்ணெயில் ஓடிற்று. அந்நூலை வாசியாத எமது கராஜ்காரர் தம் கைப்பழக்கத்தால் அதே முடிபுக்கு வந்தனர் என்பது வியக்கத்தக்கது.

அவர்கள் பட்ட பாடும் சிறிதன்று. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் ஆடுதண்டின் வளையங்களைக் கடந்து கீழே வடிந்து மசகெண்ணெயை நீராக்கிவிடும். அதனை அடிக்கடி மாற்றல் வேண்டும். பிளக்குகளிற் கரி படியும். அவற்றைக் கழற்றிச் சுரண்டல் வேண்டும். வெண்புகையும் நெடியும் வண்டியின் பின்னே நெடுந்தூரம் தொடரும். எனினும் மகப்பேற்று வலி கண்ட தாயையும் பாம்பு தீண்டிய உழவனையும் நள்ளிரவில் வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்தவை இவ்வண்டிகளே. 1995, 1996ஆம் ஆண்டு இடப்பெயர்வுகளிலே குடும்பத்தையும் அண்டா குண்டாவையும் தையல் இயந்திரத்தையும் ஒருங்கே சுமந்தவற்றுள்ளும் இவை உண்டு.

இக்காலத்து அமெரிக்கச் சொகுசுச் செடானை இவற்றோடு ஒப்பிடுதல் நியாயமோ எனின், பொறி நுட்பத்தில் ஒப்பே இல்லை. 2002இல் கடிலாக் செவில் காருக்கு வந்த அதிர்ச்சி தாங்கியிலே இரும்புத் துகள் கலந்த நெய்மம் உண்டு. மின்காந்தம் ஏறியதும் அது கணத்தில் தடித்து, பள்ளத்துக்கு ஏற்ப வண்டியைத் தாங்கும். 2016இல் வந்த சீ-ரீ-6 காரின் உடல் அலுமினியமும் உருக்கும் ஒட்டியும் பற்றவைத்தும் இணைத்தது; அதன் மூன்று லீற்றர் எஞ்சின் 404 பரிவலு தந்தது. 2021இல் வெளியான லூசிட் எயார் என்னும் மின்காரின் காற்றுத்தடைக் குணகம் 0.197. செட்டையும் பளபளக்கும் பல்வரிசையும் அங்கு இல்லை. காற்று வகுத்த வளைவே அதன் அழகு. ஏர்ள் காலத்துக் காரிலும் சோமசெற்றிலும் உருவைக் கழற்றி எடுத்தாலும் சட்டகமும் எஞ்சினும் தனியே நிற்கும். இப்புதுக்காரிலே உருவே சட்டகம், உருவே காற்றுப்பொறி. உண்மையான உயிர்மெய் இதுவே என மனமார ஒப்புகின்றோம்.

ஆனால் உயிர்மெய்யைப் பிரித்துத் திருத்தும் வல்லமை எந்த ஊர்க் கராஜுக்கு உண்டு? கணினி இசையாவிடின் அவ்வண்டி அசையாது. கம்பி வழி மின்சாரமே இல்லாதிருந்த அந்நாளைய புதுக்குடியிருப்பிலே லூசிட் ஒன்று நின்றிருப்பின், அதனுள்ளே கோழி அடைகாத்திருக்கும். வண்டியின் மதிப்பை வேகத்தாலும் மென்மையாலும் மட்டுமன்றி, கெட்ட காலத்திலே எவர் கையால் அதனைத் திருத்தலாம் என்பதாலும் அளத்தல் வேண்டும் என்போம். அவ்வளவையை அமெரிக்கர் பொருட்படுத்தாமைக்குக் காரணம், அவர்களுக்கு அத்தகைய காலம் வாய்க்கவில்லை என்பதே.

2002 சித்திரையில் கண்டி வீதி திறந்தபின் பெற்றோல் மீண்டது. 2006 ஆவணியில் அவ்வீதி மறுபடியும் மூடிற்று. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை சென்ற எண்ணற்ற வண்டிகள் அங்கேயே கைவிடப்பட்டுத் துருவேறின. தப்பிய ஒஸ்ரின்கள் சில இன்று மெருகிட்டு, மாலை சூடி, மணமக்களை ஏற்றிவருகின்றன. பிள்ளைகள் அவற்றின் செட்டையைத் தடவிப் பார்க்கின்றனர். முன்மூடியைத் திறந்து காட்டும்படி கேட்டால், காபுரேற்றரின் அருகே பெற்றோற் குழாய் செருகிய துளை அடைபடாமல் இருப்பதனையும் சிலவற்றிலே காணலாம்.