டில்லர் ஓசையும் உழவர் செவியும்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு

பிச்சாவரம் என்றால் எல்லோருக்கும் சுரபுன்னைக் காடும் படகுச் சவாரியும்தான் நினைவுக்கு வரும். வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் இடையே அமைந்த இந்தக் காடு 2022-ஆம் ஆண்டு ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம் பெற்றது. குறுகிய கால்வாய்களுக்குள் துடுப்புப் படகுகள்தாம் நுழைகின்றன. மோட்டார் ஓசை கேட்டால் பறவைகள் எழுந்து போய்விடுமே என்று நாம் அனைவரும் கவலைப்படுகிறோம். அது நல்ல கவலைதான். ஆனால் சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் செல்லும் சாலையின் ஓரங்களில் வயல்களும் தோட்டங்களும் இருக்கின்றன. உழவு நாட்களில் அங்கே காலை முதல் மாலை வரை டில்லர் ஓடுகிறது. அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பவரின் செவியைப் பற்றி யாராவது கவலைப்படுகிறார்களா? இந்தக் கேள்வியை எங்கள் அறிவியல் மன்றக் கூட்டத்தில் எழுப்பிப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

ஏர் மண்ணைக் கீறிப் புரட்டுகிறது. டில்லரோ சுழலும் கத்திகளால் மண்ணைக் கொத்திப் பொடியாக்குகிறது. ஆஸ்திரேலியாவில் கில்காண்ட்ரா என்னும் ஊரில் 1912-இல் ஆர்தர் கிளிஃபோர்டு ஹோவர்டு என்ற இளைஞர் தம் தந்தையின் பண்ணையில் இம்முறையைச் சோதித்துப் பார்த்தார். நம் நாட்டுக்கு 1960-களில் ஜப்பானிலிருந்து பவர் டில்லர் வந்தது. சேற்று வயலில் ஓடும் பெரிய டில்லர்கள் டீசலில் இயங்குபவை. தோட்டத்தைக் கிளறவும் களையெடுக்கவும் பயன்படும் சிறியவை பலவும் பெட்ரோலில் இயங்குபவை. கனம் குறைவு, ஒருவரே வண்டியில் ஏற்றி இறக்கிவிடலாம்.

இரண்டின் ஓசையும் வேறு வேறு. டீசல் டில்லர் 'டப டப' என்கிறது. பெட்ரோல் டில்லர் 'ர்ர்ர்' என்று இழுக்கிறது. காரணத்தைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும் டீசல் எஞ்சினில் 1,000 வெடிப்புகள். அதாவது விநாடிக்குச் சுமார் 17. நிமிடத்துக்கு 3,600 சுற்று ஓடும் பெட்ரோல் எஞ்சினில் விநாடிக்கு 30. ஒவ்வொரு வெடிப்பிலும் சூடான புகை அழுத்தத்துடன் வெளியே பாய்கிறது. சைலன்ஸர் அந்த வேகத்தைத் தணிக்கிறது. அது துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் வெடிப்போசை நேராகவே வெளிவரும். சிலர் 'இழுவை கூடும்' என்று சைலன்ஸரைக் கழற்றியே வைத்துவிடுகிறார்களாம்! இழுவை கூடுகிறதோ இல்லையோ, ஓசை கூடுவது உறுதி.

ஓசையை அளக்கும் அலகு டெசிபல். தொலைபேசி தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயரால் அமைந்தது. அவருடைய தாயும் மனைவியும் செவிப்புலன் இழந்தவர்கள் என்பதையும், அவரே செவித்திறன் குன்றிய மாணவர்களுக்கு ஆசிரியராக இருந்தார் என்பதையும் சிஸ்டர் சொல்லித்தான் அறிந்தோம். டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு அன்று. 10 டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் பத்து மடங்காகும். 3 கூடினாலே இரு மடங்காகும். நாம் இயல்பாகப் பேசும் பேச்சு ஏறக்குறைய 60. டில்லர் ஓட்டுபவரின் காதருகே பெரும்பாலும் 90-ஐ ஒட்டியே இருக்கும். சிலவற்றில் அதைத் தாண்டும். 60-க்கும் 90-க்கும் இடையே ஆற்றலில் ஆயிரம் மடங்கு வேறுபாடு.

கருவி இல்லாமலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒரு கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேசினால்தான் கேட்கும் என்றால், அங்கே ஓசை 85 டெசிபல் அளவுக்கு இருக்கிறது என்று கொள்ளலாம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அப்பா வாடகைக்கு டில்லர் ஓட்டுகிறார். அவர் தோட்டத்தில் உழும்போது நாங்கள் நால்வர் அருகில் நின்று பார்த்தோம். "மாமா, மணி என்ன?" என்று கத்தினோம். அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, "என்னம்மா கேட்டீங்க?" என்றார்.

விலகிச் சென்றால் ஓசை குறையும். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும் என்பது இயற்பியல் விதி. ஒரு மீட்டரில் 92 என்று வைத்துக்கொண்டால் இரண்டு மீட்டரில் 86, நான்கில் 80, எட்டில் 74. அறுபத்து நான்கு மீட்டரில் 56. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் வகுத்த வரம்பு 55. ஆகவே வரப்பு இரண்டு தாண்டி வீட்டுத் திண்ணையில் இருப்பவருக்கு ஏறக்குறைய விதிக்குள் அடங்கிய ஓசைதான். பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. அங்கே பகல் வரம்பு 50. நம் வகுப்பறைக்கும் பாதுகாப்பு உண்டு.

தொழிற்சாலையில் உழைத்தவருக்கும் வரம்பு இருந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தை ஒட்டிய விதிகள் 90 டெசிபலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம், 95-இல் 4 மணி, 100-இல் 2 மணி என்று அனுமதித்தன. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் இதைவிடக் கண்டிப்பானது: 85-இல் 8 மணி, 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி மட்டுமே. ஆனால் வயல் தொழிற்சாலை அன்று. திண்ணையில் இருப்பவரையும் ஆலையில் நிற்பவரையும் நினைத்த விதிகள், ஓசைக்கு மிக அருகில் தனியாக நடப்பவரை நினைக்கவில்லை. இது எங்களுக்கு நியாயமாகப் படவில்லை.

உட்செவியில் நத்தை ஓடு போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதில் சுமார் 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. பேரோசை இவற்றைச் சாய்த்துவிடுகிறது. சிறிது நேரமென்றால் ஓய்வில் நிமிர்ந்துகொள்ளும். வேலை முடிந்ததும் காதில் 'ஙொய்' என்று இரைவது அதன் அறிகுறி. நாள்தோறும் நடந்தால் அவை மடிகின்றன. மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. இதிலே ஒரு வியப்பு: பறவைகளுக்கு மயிரணுக்கள் மீண்டும் வளர்கின்றன என்று 1988-இல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். பிச்சாவரத்துக் கொக்குக்கு உள்ள இந்த வரம் டில்லர் ஓட்டும் மாமாவுக்கு இல்லை!

முதலில் போவது விநாடிக்கு 4,000 அதிர்வுகளை ஒட்டிய கூர்மையான ஒலிகள். 'ச', 'ஸ' போன்ற எழுத்துகள் மங்கும். பெண்கள், குழந்தைகள் பேச்சு புரியாது. ஆண்கள் பேச்சு ஓரளவு புரியும். அதனால் தமக்குக் குறை இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. எங்கள் தோழி இதைக் கேட்டதும் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். "நான் கூப்பிட்டால் அப்பா திரும்பமாட்டார், அண்ணன் கூப்பிட்டால் திரும்புவார். அண்ணன்மேல்தான் பிரியம் என்று நினைத்திருந்தேன்" என்றாள். வீட்டில் அவர் உரக்கப் பேசுவதையும் கோபம் என்றே எண்ணியிருந்தார்களாம். செவிமருத்துவரிடம் காட்டச் சொல்லியிருக்கிறோம்.

என்ன செய்யலாம்? சைலன்ஸரை மாற்றுவது முதல் வேலை. தளர்ந்த திருகுகளை முடுக்கினால் தகடுகள் அதிர்வது குறையும். மணிக்கொரு முறை எஞ்சினை நிறுத்தி இளைப்பாறலாம். இருவர் மாறி மாறி ஓட்டினால் ஒருவர் செவிக்குச் சேரும் ஓசை பாதியாகும். காதில் பஞ்சு வைப்பதில் பெரும் பயனில்லை. நுரை அடைப்பான் வேண்டும். அதை விரலால் உருட்டிச் செவித் துளைக்குள் வைத்து, விரியும் வரை பிடித்திருக்க வேண்டும். ஒரு ஜோடியின் விலை ஒரு லிட்டர் பெட்ரோலின் விலையைவிடக் குறைவு.

தோழியின் அப்பா ஒரு நல்ல மறுப்புச் சொன்னார். "எஞ்சின் திணறுவது காதுக்குத்தானே முதலில் தெரியும்? கத்தி கல்லில் பட்டாலும் சத்தத்தை வைத்துத்தான் நிறுத்துகிறேன்" என்றார். எங்களுக்கு உடனே பதில் தெரியவில்லை. சிஸ்டரிடம் கேட்டோம். அடைப்பான் ஓசையைத் தடுத்துவிடுவதில்லை, தணிக்கிறது. 90 டெசிபல் எழுபதாகக் குறைந்தாலும் திணறல் கேட்கத்தான் செய்யும், கல்லில் பட்டால் கைப்பிடியிலும் அதிரும் என்றார்கள். இதை அவரிடம் சொல்லி இரண்டு ஜோடி வாங்கிக் கொடுத்தோம். ஒன்றை அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மற்றொன்றைக் களையெடுக்க அருகில் வரும் அத்தைக்குக் கொடுக்கச் சொன்னார்.