மதிப்பெண்ணும் வேண்டும், நிம்மதியும் வேண்டும்!



பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்த நாளிலிருந்து நம் காதில் அதிகமாக விழும் கேள்வி, "எவ்வளவு மார்க் வரும்? அடுத்து என்ன படிக்கப் போறே?" என்பதுதான். கல்யாண வீட்டில் கேட்கிறார்கள், பஸ்ஸில் கேட்கிறார்கள், ரேஷன் கடை வரிசையில்கூடக் கேட்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகப்போகும் முதல் ஆள் நான். அதனால் எனக்கு இந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் கனம்தான். காலாண்டு விடைத்தாள் கொடுத்த அன்று நம் வகுப்பில் இரண்டு பேர் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

ஏன் இவ்வளவு டென்ஷன்? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பாதிப் பயம் பாடத்தால் வருவதில்லை, கணக்குத் தெரியாததால் வருகிறது. ஆற்றின் ஆழம் தெரியாதவனுக்கு முழங்கால் தண்ணீரும் பயம்தான். வாங்க, மூன்று கணக்குகளைப் போட்டுப் பார்ப்போம்.

1. மார்க் கணக்கு

பொறியியல் கட்-ஆஃப் மொத்தம் 200. இதில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஒரு மாணவி கணிதத்தில் 85, இயற்பியலில் 78, வேதியியலில் 82 வாங்கினால், 85 + 39 + 41 = 165. கணிதத்தில் 6 மார்க் கூடினால் கட்-ஆஃபும் 6 கூடும். இயற்பியலில் 6 கூடினால் 3தான் கூடும். இது தெரிந்தால் எதற்கு எவ்வளவு நேரம் என்று நாமே முடிவு செய்யலாம்.

இன்னொன்று. இயற்பியலில் 100க்கு 70தான் எழுத்துத் தேர்வு. செய்முறை 20, அகமதிப்பீடு 10. ரெக்கார்டு நோட்டை ஒழுங்காக எழுதுவதும் படிப்புதான். தமிழும் ஆங்கிலமும் இந்தக் கட்-ஆஃபில் வராது. ஆனால் அவற்றில் 35 எடுக்காவிட்டால் தேர்ச்சியே இல்லை, மறந்துடாதீங்க!

2. நேரக் கணக்கு

ஒரு நாளைக்கு 24 மணி நேரம். பள்ளியும் பயணமும் 9. சாப்பாடு, குளியல், வீட்டு வேலை 2. விளையாட்டு 1. தூக்கம் 8. மீதி 4 மணி நேரம். "தூக்கத்தைக் குறைச்சுக்கலாமே" என்று பலர் சொல்வார்கள். ஆனால் 13 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. சுவர் இருந்தால்தானே சித்திரம்?

அந்த 4 மணி நேரம் போதுமா? எப்படிப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நமக்குப் பரீட்சை 5 நிமிடத்தில் வருவதில்லையே! அதனால் நான் ஒரு மணி நேரத்தில் 35 நிமிடம் படிக்கிறேன், 25 நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டு எழுதுகிறேன். விடுபட்டது எது என்று அப்போதே தெரிந்துவிடுகிறது.

3. வாசல் கணக்கு

ஒரே ஒரு வாசல்தான் இருக்கு என்று நினைக்கும்போதுதான் மூச்சு முட்டுகிறது. உண்மையில் வாசல்கள் பல. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியலில் 2021 முதலும் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஒரு பாடத்தில் தவறினாலும் அதே ஆண்டில் துணைத் தேர்வு எழுதலாம். தமிழ் இலக்கியம், வணிகவியல், செவிலியர் படிப்பு, ஐ.டி.ஐ. என்று நீங்களும் பட்டியலை நீட்டலாம். முதல் விருப்பத்துக்குக் கீழே இரண்டு மாற்று வழிகளை எழுதி வையுங்கள். ஆசையைக் குறைப்பதற்காக அல்ல, பயத்தைக் குறைப்பதற்காக.

கணக்கில் அடங்காத பயமும் உண்டு. வீட்டின் எதிர்பார்ப்பு, பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிடுவது, கடன் வாங்கிக் கட்டிய டியூஷன் ஃபீஸ்... இதையெல்லாம் மனதுக்குள் பூட்டி வைக்காதீர்கள். நண்பரிடமோ, அக்காவிடமோ, வகுப்பாசிரியரிடமோ சொல்லுங்கள். யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அரையாண்டுத் தேர்வு வருமுன் ஒரு பாடவேளையை ஒதுக்கி, அவரவர் கட்-ஆஃபையும் மாற்று வழிகளையும் எங்களோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். ரேங்க் வாங்குபவர்களுக்கு மட்டுமல்ல, கடைசி பெஞ்சுக்கும் சேர்த்துத்தான்.

நண்பர்களே, இன்று சாயங்காலமே ஒரு தாளை எடுங்கள். மூன்று கணக்கையும் போடுங்கள். சந்தேகம் இருந்தால் இடைவேளையில் வாங்க, சேர்ந்து போடுவோம்!

– பன்னிரண்டாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி