கம்பஸ் போகும் பிள்ளைக்கு எந்தக் கணினி?

உயர்தரப் பெறுபேறும் இசட் புள்ளியும் வந்து, பல்கலைக்கழகம் கிடைத்தது என்ற செய்தி தோட்டத்தில் பரவியதும் வீட்டில் அடுத்த பேச்சு லெப்டொப்தான். ஹட்டன் பக்கம் வருடா வருடம் இதைப் பார்க்கிறேன். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போகும். இல்லாவிட்டால் தவணைக் கடையில் அப்பா கையெழுத்து வைப்பார். மாமா மகன் வைத்திருப்பதைப் போலவே புத்தம்புதிய கேமிங் லெப்டொப் ஒன்று லயத்துக்கு வந்துசேரும். பிள்ளையோ பேராதனையில் புவியியலும் பொருளியலும் படிக்கப் போகிறாள்.

தொலைபேசியில் விரிவுரைக் குறிப்பு வாசிக்கலாம், ஒப்படை எழுத முடியாது. பீடத்தில் கணினி ஆய்வுகூடம் இருந்தால் முடிந்தவரை பாவியுங்கள். மேசைக் கணினியை விடுதிக்குத் தூக்கிச் செல்ல முடியாது. மிஞ்சும் கேள்வி ஒன்றுதான்: புதியதா, பாவித்ததா?

“புதுசு கரண்ட் குறைவா இழுக்கும், சூழலுக்கும் நல்லது” என்று கடைக்காரர் சொல்வார். கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண லெப்டொப் 30 வாட் இழுக்கிறது, நாளுக்கு ஐந்து மணித்தியாலம் ஓடுகிறது என்று வைத்தால் வருடத்துக்கு 55 அலகு, நாலு வருடப் படிப்புக்கு 220 அலகு. காசல்ரீ, மவுஸ்ஸாகலைத் தண்ணீரில் பிறக்கும் லக்ஷபான மின்சாரமும், 2012இல் தலவாக்கலையில் தொடங்கிய மேல் கொத்மலை மின்சாரமும், நுரைச்சோலை நிலக்கரி மின்சாரமும் கலந்துதான் நமக்கு வருகின்றன. அலகுக்கு அரைக் கிலோ காபனீரொட்சைட்டு என்று பிடித்தாலும் மொத்தம் 110 கிலோ. ஆனால் ஒரு லெப்டொப்பின் ஆயுட்காலக் காபன் கணக்கு ஏறத்தாழ 200 முதல் 300 கிலோ என்று தயாரிப்பு நிறுவனங்களே வெளியிடுகின்றன. அதில் பெரும்பங்கு தொழிற்சாலையிலேயே வெளியாகிவிடுகிறது. அந்தக் காலத்து மேசைக் கணினி ஒன்றைத் திரையோடு செய்ய 240 கிலோ எரிபொருளும் 22 கிலோ இரசாயனமும் 1,500 கிலோ தண்ணீரும் வேண்டியிருந்தன என்று ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழக ஆய்வு 2004இல் சொன்னது. ஆகவே சுற்றாடலுக்கு நல்லது புதிதாக ஒன்று செய்ய வைக்காமல் இருப்பதுதான். மின்சாரத்தில் மிச்சம் பிடிப்பது அதற்குப் பிறகு.

கேமிங் லெப்டொப் இந்த இரண்டு கணக்கிலும் தோற்கிறது. சாதாரண லெப்டொப்புக்கு 65 வாட் சார்ஜர் போதும். இதற்கு 180, 240 வாட் செங்கல் ஒன்றைக் கூடவே சுமக்க வேண்டும். ஹட்டனில் பஸ் ஏறி கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக நின்றுகொண்டே போகும் பிள்ளையின் தோளை நினையுங்கள். இரண்டாவது விரிவுரைக்குள் பேட்டரி இறங்கிவிடும். பிறகு மண்டபத்தில் பிளக் இருக்கும் சுவரைத் தேட வேண்டும். விலை மூன்று லட்சம் ரூபா அளவில். 2024இல் 1,350 ரூபாவாக இருந்த அடிப்படை நாட்சம்பளத்தில் அது இருநூறு பேருக்கும், அதாவது இருநூறு நாள் வேலைக்கும் மேல்; அட்டைக்கடியோடு மலையேறிக் கொழுந்து பறித்துப் போட்ட இருநூறு பேர். “புள்ள ஐடி படிக்குது சார், அதுக்கு இதுதான் வேணுமாம்” என்பார்கள். முதல் இரண்டு வருடம் நிரல் எழுதிப் பழக எந்தக் கணினியும் போதும். செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்குக் கனமான கணிப்பு வேண்டுமென்றால் கூகுள் கோலாப் இலவசமாகத் தருகிறது. ஆளுக்கொரு கிராபிக்ஸ் அட்டை வாங்கிச் சும்மா வைத்திருப்பதைவிட, பலர் பகிரும் சர்வரில் அதை ஓட்டுவதே முறை.

என் சாய்வை மறைக்கவில்லை. நான் பாவிப்பது ஏதோ ஓர் அலுவலகம் கழித்த திங்க்பேட். பேட்டரி மாற்றினேன், ரேம் கூட்டினேன். வினாத்தாள் தயாரிப்பதிலிருந்து இந்தக் கட்டுரை வரை எல்லாம் அதில்தான். திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் ஆகிய அலுவலக ரகங்களைப் பெரும்பாலும் ஸ்குரூ கழற்றித் திருத்தலாம். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாமல் எடுங்கள்; விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது, விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. அதைவிடப் பழையது கையில் இருந்தால் லினக்ஸ் போடுங்கள், ஒப்படை எழுதத் தாராளம். கடையிலேயே மூடியைப் பத்துத் தரம் திறந்து மூடி, கீல் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். எழுத்து ஒவ்வொன்றையும் அழுத்துங்கள். பேட்டரியின் முதல் கொள்ளளவில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். எஸ்எஸ்டி இல்லாததை வாங்க வேண்டாம். வாங்கிய பின் நுவரெலியாக் குளிரில் ஈரம் ஊறும் சுவரோரம் வைக்காதீர்கள்.

எதை வாங்குவதானாலும் முதல் பருவம் பொறுத்திருங்கள். பீடம் என்ன கேட்கிறது என்று போன பிறகுதான் தெரியும். பாடத் தெரிவுக்கும் இதையே சொல்வேன். ஊர் முழுக்க ஐடி என்று ஓடுகிறது என்பதற்காகவோ, அப்பா சொன்னார் என்பதற்காகவோ போகாதீர்கள். ஒரு பிழையை இரவிரவாகத் தேடிக் கண்டுபிடிப்பதில் உங்களுக்குச் சந்தோசம் இருக்கிறதா? இருந்தால் எந்தப் பழைய கணினியிலும் படித்து முன்னுக்கு வருவீர்கள். இல்லையென்றால் உங்களுக்குக் கைவரும் துறை வேறு. அதைத் தேடும் பொறுமை இருக்கட்டும். பீடங்களும் தங்களுக்கு எந்த அளவுக் கணினி போதும் என்று அனுமதிக் கடிதத்தோடே எழுதி அனுப்பினால் பல சங்கிலிகள் கழுத்திலேயே இருக்கும்.

2022இல் உலகம் கழித்த இலத்திரனியல் கழிவு 6 கோடி 20 இலட்சம் தொன். முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம். படித்து முடித்துக் கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் தம்பி, தங்கச்சிமாரே, உங்கள் அலுமாரியில் கிடக்கும் லெப்டொப்பை வெளியே எடுங்கள். உங்கள் கோப்புகளை அழித்துவிட்டு, இந்த வருடம் உங்கள் தோட்டத்திலிருந்து கம்பஸ் போகும் பிள்ளையிடம் கொடுங்கள். உயிரே இல்லாததைத் தேயிலைக் கானில் எறியாமல், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படையுங்கள்.