சிற்றெலியின் பெருந்துணிவு

கற்றல் நோக்கம்: திரைப்படக் கதையைச் சுருக்கி உரைத்தல், அதன் கருத்தை ஆராய்ந்து எழுதுதல்.

விலங்குகள் மனிதரைப் போலப் பேசும் கதைகள் நமக்குப் புதியன அல்ல. அத்தகைய கதையைக் கூறும் அசைவூட்டப் படங்களுள் பலரும் அறியாத ஒன்று, 'தி சீக்ரெட் ஆஃப் நிம்'. இப்படம் 1982ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்காவில் வெளிவந்தது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' என்னும் படம் அதே கோடையில் திரையரங்குகளை நிறைத்திருந்தது. அதனால் இப்படம் உரிய கவனத்தைப் பெறவில்லை.

கதைச் சுருக்கம்

பண்ணை வயல் ஒன்றில், உள்ளே வெற்றிடமுள்ள சிமெண்டுக் கல்லையே வீடாகக் கொண்டு வாழ்கிறாள் திருமதி பிரிஸ்பி என்னும் சுண்டெலி. அவளுடைய கணவன் ஜோனதன் இறந்துவிட்டான். நான்கு குழந்தைகளுள் ஒருவனான திமோத்தி நிமோனியாக் காய்ச்சலால் படுத்திருக்கிறான். வெளிக்குளிர் பட்டால் அவன் உயிர் பிழைப்பது அரிது. உழவு தொடங்கும் நாளோ நெருங்குகிறது. வெளியேறினால் மகனை இழக்க நேரும். தங்கினால் உழவு இயந்திரம் அனைவரையும் நசுக்கிவிடும்.

வழி தேடிய தாய், பேராந்தையிடம் செல்கிறாள். ஆந்தைக்கு எலி இரை என்பதை அவள் அறிவாள். அறிந்தே அதன் பொந்திற்குள் நுழைகிறாள். ஜோனதனின் பெயரைக் கேட்ட ஆந்தை, ரோஜாப் புதரின் அடியில் வாழும் பெரிய எலிகளின் உதவியை நாடுமாறு கூறுகிறது.

அந்த எலிகள் ஒரு காலத்தில் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் அடைபட்டிருந்தவை. அங்கே செலுத்தப்பட்ட ஊசிமருந்தால் அவற்றின் அறிவு பெருகியது. எழுத்துகளைப் படிக்கக் கற்ற அவை, கூண்டைத் திறந்து தப்பின. உடன் தப்பியவனே ஜோனதன். அவனுடைய நட்பை மறவாத எலிகள், வீட்டைப் பாதுகாப்பான இடத்திற்கு நகர்த்தித் தர இசைகின்றன. அதற்குமுன் பண்ணைப் பூனையின் உணவில் உறக்க மருந்தைக் கலக்க வேண்டும். ஜோனதன் உயிரிழந்தது இதே பணியில்தான். அதனை அறிந்த பின்னும், "நான் செல்கிறேன்" என்று முன்வருகிறாள் பிரிஸ்பி.

படம் உணர்த்தும் கருத்து

மாணவர்களே, எலிகளின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவற்றின் நிலத்தடி நகரில் விளக்குகள் ஒளிர்கின்றன. அம்மின்சாரமோ பண்ணையாரிடமிருந்து திருடப்பட்டது. "திருடி வாழ்தல் அறிவுடையோர்க்கு அழகன்று, முட்பள்ளத்தாக்கிற்குச் சென்று சொந்த உழைப்பால் வாழ்வோம்" என்பது தலைவர் நிக்கோடிமஸின் எண்ணம். இருக்கும் வசதியை விட விரும்பாத ஜென்னர், அத்தலைவரையே சூழ்ச்சியால் கொல்கிறான். இருவருக்கும் அறிவைத் தந்தது ஒரே மருந்துதான். அறிவு ஒருவனை நல்வழியிலும் செலுத்தலாம், தீயவழியிலும் செலுத்தலாம் என்பது இதனால் விளங்கும்.

பிரிஸ்பிக்கு எந்த ஊசியும் போடப்படவில்லை. அவள் உருவில் சிறியவள். ஒவ்வோர் அடியிலும் நடுங்குகிறாள். எனினும் பின்வாங்கவில்லை. அச்சமே இல்லாதிருத்தல் துணிவு அன்று. அஞ்சியபோதும் செய்ய வேண்டியதைச் செய்து முடித்தலே துணிவு.

நூலும் படமும்

ராபர்ட் சி. ஓ'பிரையன் 1971இல் எழுதிய புதினமே இப்படத்தின் மூலம். அந்நூல் 1972இல் நியூபெரி பதக்கம் பெற்றது. நூலில் தாயின் பெயர் 'ஃபிரிஸ்பி'. அது வீசி விளையாடும் தட்டின் வணிகப் பெயரை ஒத்திருந்ததால், படத்தில் 'பிரிஸ்பி' ஆயிற்று. மற்றொரு வேறுபாடும் உண்டு. நூலில் மந்திரம் இல்லை. படத்திலோ சேற்றில் மூழ்கும் வீட்டை ஒரு செந்நிற மாயக்கல் உயர்த்துகிறது. ஆயினும் தாய் இறுதிவரை போராடிய பின்னரே அக்கல் ஒளிர்கிறது.

இயக்குநர் டான் புளூத், 1979இல் தோழர்களுடன் டிஸ்னி நிறுவனத்தை விட்டு விலகியவர். பழைய முறையில், நுணுக்கமாகக் கையால் வரையும் கலையை மீட்பதே அவர்களது நோக்கம். பகல், இரவு, விளக்கொளி எனச் சூழலுக்கேற்பப் பிரிஸ்பிக்கு மட்டும் 46 வகை வண்ணத் தொகுதிகளை அமைத்தனர். ஒரு சுண்டெலியின் முகத்தில் அச்சமும் அன்பும் தெளிவாகத் தெரிவதற்கு இவ்வுழைப்பும் காரணமாகும்.

சொற்பொருள்

அரிது – எளிதில் நிகழாதது
இரை – விலங்கு, பறவை ஆகியவற்றின் உணவு
இசைதல் – உடன்படுதல்
சூழ்ச்சி – வஞ்சகத் திட்டம்
புதினம் – நெடுங்கதை

பயிற்சி

1. பிரிஸ்பி வீட்டை விட்டு உடனே வெளியேற இயலாதது ஏன்?
2. நிக்கோடிமஸ், ஜென்னர் ஆகியோரின் எண்ணங்களை ஒப்பிட்டு எழுதுக.
3. 'துணிவு' என்பதற்கு இப்பாடம் தரும் விளக்கத்தை உம் சொற்களில் கூறுக.
4. மாயக்கல் இல்லாமலே கதை முடிந்திருந்தால் பிரிஸ்பியின் பெருமை கூடியிருக்குமா, குறைந்திருக்குமா? வகுப்பில் கலந்துரையாடுக.
5. நீங்கள் கண்ட அசைவூட்டப் படம் ஒன்றின் கதையைப் பத்து வரிகளில் எழுதி, வீட்டில் பெரியோர்க்குப் படித்துக் காட்டுக.