மக்காச்சோளக் கதிரை மடலோடு சுடும் முறை

மக்காச்சோளக் கதிரைச் சுட்டு உண்பது நம் மக்களுக்குப் புதிதன்று. சந்தைப் பேட்டைகளிலும் பேருந்து நிலையங்களிலும் தள்ளுவண்டிக்காரர் கதிரை உரித்துக் கங்கின் மேல் புரட்டி, எலுமிச்சம்பழத் துண்டில் உப்பையும் மிளகாய்த் தூளையும் தொட்டுத் தடவிக் கொடுப்பதை யாவரும் கண்டிருப்பர். அவற்றுள் பெரும்பாலானவை மேலே கருகியும் உள்ளே காய்ந்தும் இருக்கும். பல் வலுவுள்ளவர்க்கு மட்டுமே அவை தின்பண்டமாகும். கதிரை உரித்த அன்றே, அதுவும் உரித்தபின் தீயில் நேராக இட்டுச் சுடுவதால் நேரும் குறை இது. கதிரின் மடலையே பாத்திரமாகக் கொண்டு சுடுவோமாயின் அக்குறை நீங்கும்.

மக்காச்சோளத்தின் தாயகமான மெக்சிகோ நாட்டில், மாவை இம்மடலில் பொதிந்து ஆவியில் வேக வைத்து உண்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். நம் தென் மாவட்டங்களில் பனங்குருத்தோலையில் மாவை வைத்துக் கட்டிக் கொழுக்கட்டை அவிக்கும் தாய்மார்களுக்கு இதன் நுட்பத்தை விளக்க வேண்டியதில்லை. நனைந்த மடலில் ஈரம் உள்ளவரை உள்ளிருக்கும் மணி 100 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறாது. மடல் தீயைத் தாங்கும். மணி ஆவியில் வேகும். தடவிய மசாலை கருகாமல் மணிகளுக்கிடையே ஊறும்.

ஆயினும் சுடும் திறத்தைவிடப் பெரிது கதிர் பறிக்கும் வேளை. இதனைச் சற்று விரிவாகவே கூற வேண்டும். பால் பிடித்த கதிரில் இனிப்பாக இருக்கும் சர்க்கரை, பறித்த கணத்திலிருந்தே மாவாக மாறத் தொடங்குகிறது. நம் ஊர் வெயிலில் ஒரு பகலும் இரவும் கிடந்தால், சாதாரண இனிப்பு வகைகளில் சர்க்கரையின் பாதியோ அதற்கு மேலோ போய்விடும். மிகு இனிப்பு வகைகளில் இம்மாற்றம் மெதுவாக நிகழும், அவ்வளவே வேறுபாடு. தொலைவிலிருந்து மூட்டையில் வந்து, கடைவாயிலில் இரண்டு நாள் கிடந்த கதிரை எத்தனை மசாலை தடவிச் சுட்டாலும் அது மாவுக்கதிரே. இந்த ஒன்றில் பட்டணத்துக் கடையைக் காட்டிலும் கிராமத்து வீடே வசதி மிக்கது. அடுப்பில் கரியை மூட்டிவிட்டுப் பின் கொல்லைக்குப் போய்க் கதிர் ஒடித்து வருபவரே சுட்ட கதிரின் உண்மையான சுவையை அறிவர்.

காரைக்குடி வட்டாரம் மக்காச்சோளத்துக்குப் பெயர் பெற்றதன்று. திண்டுக்கல், பெரம்பலூர்ப் பக்கங்களில் அது பெரும் பயிர். விளைவதில் மிகுதியும் கோழித் தீவனத்துக்குப் போகிறது. கண்மாயையும் மழையையும் நம்பிய நம் பகுதியில், கிணறு உள்ளவர்கள் தைப்பட்டத்தில் ஒரு சென்ட் நிலம் ஒதுக்கினால் வீட்டுத் தேவைக்குப் போதும். இரண்டடி இடைவெளியில் பார் பிடித்து, செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர் விட்டு ஊன்றினால் ஏறத்தாழ 270 செடிகள் நிற்கும். நீர் தேங்கும் பள்ளத்தில் இது வராது. ஒரே நாளில் எல்லாவற்றையும் ஊன்றாமல் பத்து நாளுக்கு ஒரு பகுதியாக மூன்று முறை ஊன்றுவது நன்று. இல்லையேல் ஒரு வாரம் அளவுக்கு மீறிய கதிரும், பின்னர் வெறும் தட்டையுமே மிஞ்சும்.

வேலியோரம் ஒற்றை வரிசையாக நடுவது பலரும் செய்யும் பிழை. கதிரின் நுனியில் தொங்கும் பட்டுப் போன்ற முடி ஒவ்வொன்றும் உள்ளே ஒரு மணியோடு இணைந்துள்ளது. செடியின் தலையிலுள்ள ஆண் பூவிலிருந்து காற்றில் உதிரும் மகரந்தம் அம்முடியில் பட்டாலன்றி அந்த மணி உண்டாகாது. ஒற்றை வரிசையில் மகரந்தம் காற்றோடு போய்விடும்; கதிர் பொக்கை வாயாக இருக்கும். ஆகவே நான்கு வரிசைக்குக் குறையாமல் சதுரமாக நட வேண்டும். இனிப்பு வகை நடுவோர், அடுத்த வயலில் தீவன மக்காச்சோளம் உண்டா என்றும் பார்த்தல் வேண்டும். அதன் மகரந்தம் கலந்தால் இனிப்பு மணியும் மாவு மணியாகிவிடும். இரண்டும் ஒரே காலத்தில் பூக்காதபடி இரண்டு மூன்று வாரம் முன்பின்னாக ஊன்றுவதே எளிய வழி.

முடி வெளிவந்து ஏறத்தாழ 20 நாளில் கதிர் பதமாகும். முடி காய்ந்து பழுப்பேறியிருக்கும். மடல் பச்சையாகவே இருக்கும். ஒரு மணியை நகத்தால் கீறினால் பால் போன்ற சாறு வர வேண்டும். தண்ணீராக வந்தால் இளசு. மாவாக நின்றால் முற்றல்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2018ஆம் ஆண்டு மே மாதம் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட படைப்புழு, அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளத்திலும் பரவியது. அதுமுதல் இப்பயிருக்குப் பூச்சிமருந்து தெளிப்பது மிகுந்துள்ளது. முற்ற விட்டுத் தானியமாக அறுப்பவர் தெளித்த வயலிலிருந்து பச்சைக் கதிர் ஒடித்து வந்து மடலோடு சுடுவது தகாது. மருந்து பட்டது அந்த மடலின் மேல்தான். புட்டியின் சீட்டில் குறித்த காத்திருப்பு நாட்கள் கழிந்தனவா என்று கேட்டறிந்த பின்னரே கதிரை வாங்குக. அதன் பின்னும் வெளி மடல் இரண்டு மூன்றை உரித்தெறிந்து, எஞ்சியதை நன்கு கழுவுதல் வேண்டும்.

இனிச் சுடும் முறை. எட்டுக் கதிருக்குச் சின்ன வெங்காயம் 12, பூண்டுப் பல் 6, வற்றல் மிளகாய் 4, மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, சோம்பு ஒரு தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி எடுத்துக்கொள்க. மிளகாயைச் சிறிது நேரம் வெந்நீரில் ஊறவைத்து, யாவற்றையும் அம்மியில் நீர் தெளிக்காமல் மைய அரைத்து, மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் குழைக்க வேண்டும். அன்னாசிப்பூவும் கல்பாசியும் காரைக்குடிச் சமையலுக்கு உரியவைதாம். ஆனால் இளங்கதிரின் மணத்தை அவை அமுக்கிவிடும். சோம்பும் மிளகும் போதும் என்பதே எம் கருத்து. வெண்ணெய் தடவுவோரும் உளர். அது உருகிக் கங்கில் சொட்டிச் சுவாலை எழுப்பும். நல்லெண்ணெய் மசாலையோடு ஒட்டி நிற்கும்.

முதலில் கதிரை மடலோடு அரை மணி நேரம் தண்ணீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும். பிறகே மசாலை தடவ வேண்டும். இவ்வரிசையை மாற்றி, தடவிய கதிரைத் தண்ணீரில் போட்டு, உப்பையும் உறைப்பையும் வாளிக்குக் கொடுத்துவிட்டுச் சப்பென்ற கதிரை விருந்தினர்க்கு நீட்டிய அனுபவம் எமக்கு உண்டு. ஊறியபின் மடலை அடிக்காம்பிலிருந்து பிய்த்துவிடாமல் கீழ்நோக்கி விரித்து, முடியை முற்றும் நீக்கி, மசாலையை விரலால் வரிசை வரிசையாக அழுத்தித் தடவி, மடலை மீண்டும் மூடுக. உரித்தெறிந்த மடலிலிருந்து கிழித்த நாரால் நுனியைக் கட்டினால் போதும். மருந்து தெளித்த கதிராயின் வாழைநாரால் கட்டலாம்.

நம் பகுதியில் கரிக்குப் பஞ்சமில்லை. சீமைக்கருவேலைச் சுட்டு மூட்டமிடும் தொழில் சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் பரவலாக நடைபெறுகிறது. அக்கரி நின்று எரியும். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் அதன் நாற்றம் கதிரில் ஏறும். தேங்காய் நாரோ பனையோலையோ நன்று. சுவாலை அடங்கி, கரியின் மேல் வெண்சாம்பல் பூத்தபின் கம்பி வலையை வைத்துக் கதிரை அடுக்குக. நான்கைந்து நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டினால் ஏறத்தாழ 20 நிமிடத்தில் வேகும். வெளிமடல் கருகுவது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மடலின் மேலாகவே மணிகளின் வரிசை புடைத்துத் தெரியும்போது வெந்தது என்று கொள்ளலாம். சுட்ட மணமும் வேண்டுவோர் மடலைப் பின்னுக்குத் தள்ளி, கடைசி இரண்டு நிமிடம் தணலில் நேராகக் காட்டலாம். எலுமிச்சைச் சாறு இறக்கியபின் பிழிவதே முறை. மழை பெய்கிறதென்று கரியடுப்பை அடைத்த அறைக்குள் கொண்டுபோதல் மட்டும் கூடாது. கரியிலிருந்து எழும் நச்சுவாயுவுக்கு மணமில்லை. உள்ளிருப்போர் அறியுமுன் மயக்கம் வரும்.

பால் பதத்தில் கதிர் ஒடித்த தட்டை இன்னும் பச்சையாகவே நிற்கும். மருந்து படாத தட்டையாயின் அன்றே அறுத்து நறுக்கிப் போட்டால் மாடு மிச்சம் வைக்காது.