நம்பர் ரத்தான தேதி எங்கே?

கேள்வி: ஈரோட்டில் வீட்டு மாடியில் நான்கு தையல் மெஷின் போட்டு நைட்டி தைத்து விற்கிறார் வாசகி. ஆண்டு விற்பனை 18 லட்சம் ரூபாய்க்குள். சரக்கில் பாதி உள்ளூர்க் கடைகளுக்குப் போகிறது, மீதி பாலக்காட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு. மாதம் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒருவர் ஜிஎஸ்டி கணக்கைப் பார்த்துவந்தார். வியாபாரம் படுத்தபோது செலவைக் குறைப்பதற்காக வாசகி அவரை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு ரிட்டர்ன் எதுவும் தாக்கலாகவில்லை. இப்போது பாலக்காட்டுக்காரர், "உங்க நம்பர் ரத்தாகிவிட்டது" என்று சொல்லி 46,000 ரூபாயைப் பிடித்துவைத்திருக்கிறார். நோட்டீஸ் எதுவும் தன் கைக்கு வரவில்லை என்கிறார் வாசகி. பழைய நம்பரை அப்படியே விட்டுவிட்டு, அதே பான் கார்டில் புது நம்பர் வாங்கினால் செலவு குறையுமா என்பது அவர் கேள்வி.

பதில்: வாசகியின் கடிதம் நான்கு பக்கம். கணக்கு பார்த்தவர் போனை எடுக்காத கதை ஒரு பக்கம், பாலக்காட்டுக் கடைக்காரருடன் நடந்த பேச்சு ஒன்றரைப் பக்கம். இந்த வழக்கைத் தீர்மானிக்கும் ஒரே விஷயமான ரத்து உத்தரவின் தேதி அதில் எங்குமே இல்லை. "ஆடி மாதம் வாக்கில் ரத்தானதாகச் சொல்கிறார்கள்" என்று ஒரு வரி இருக்கிறது. சட்டத்தில் ஆடி மாதம் வாக்கில் என்று ஒரு தேதி கிடையாது.

தேதிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ரிட்டர்ன் தாக்கல் செய்யாததற்காக அதிகாரி பதிவை ரத்து செய்தால், அதை மீட்க 2017-ஆம் ஆண்டு ஜிஎஸ்டி சட்டத்தின் 30-ஆவது பிரிவு வழி தருகிறது. ரத்து உத்தரவு சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் மனு செய்ய வேண்டும். 2023 அக்டோபருக்கு முன்பு இது 30 நாட்களாகத்தான் இருந்தது. 90 நாள் கடந்தாலும் தக்க காரணம் காட்டினால் ஆணையரோ, அவர் அதிகாரம் அளித்த இணை ஆணையர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ மேலும் 180 நாட்கள் வரை நீட்டிக்கலாம். ஆக மொத்தம் 270 நாள். வாசகி இந்தக் கணக்கில் 80-ஆவது நாளில் நிற்கிறாரா, 260-ஆவது நாளில் நிற்கிறாரா, எல்லையைத் தாண்டிவிட்டாரா என்பது கடிதத்தை எத்தனை முறை படித்தாலும் தெரியவில்லை. மூன்றுக்கும் செலவு வேறு, அலைச்சல் வேறு.

தேதியைப் பார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஜிஎஸ்டி இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் நம்பரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். அங்கே தெரிவது ரத்து அமலுக்கு வந்த தேதி. அதிகாரிகள் பல நேரங்களில் முன்தேதியிட்டு ரத்து செய்கிறார்கள். உத்தரவு இந்த ஆண்டு பிறந்திருக்கும், ரத்து போன ஆண்டிலிருந்தே அமலாகியிருக்கும். 90 நாள் கணக்கு உத்தரவு சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்துதான் ஓடும். இரண்டையும் குழப்பிக்கொண்டு "காலம் கடந்துவிட்டது" என்று கைவிட்டவர்கள் உண்டு. ஆகவே வாசகி தன் கணக்கில் உள்ளே நுழைந்து, ஆர்இஜி-19 என்ற படிவத்தில் இருக்கும் உத்தரவையும், அதற்கு முன் வந்த ஆர்இஜி-17 நோட்டீஸையும் இறக்கிப் பிரிண்ட் எடுக்க வேண்டும்.

நுழைய பாஸ்வேர்டு இல்லை என்று எழுதியிருக்கிறார். இங்கேதான் வாசகியைக் கொஞ்சம் கடிந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பதிவு வாங்கிய நாளில் கணக்கு பார்த்தவர் தன் இமெயிலையும் தன் கைபேசி எண்ணையுமே கொடுத்திருக்கிறார். வாசகி அதை ஒரு முறைகூடக் கேட்கவில்லை. 169-ஆவது பிரிவின்படி பதிவில் உள்ள இமெயிலுக்கு அனுப்புவதும், இணையதளத்தில் ஏற்றுவதும் சட்டப்படி சேர்ப்பித்தல்தான். அதனால் "கைக்கு வரவில்லை" என்ற வாதம் தனியாக நிற்காது. இணையதளத்தில் போட்டதற்குப் பதிலே வராதபோது அதிகாரி பதிவுத் தபால் போன்ற மற்ற வழிகளையும் பார்த்திருக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சில வழக்குகளில் சொல்லியிருப்பது உண்மை. அது நீதிமன்றம் வரை போய், செலவு செய்து எடுக்கும் வாதம். கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க அது உரிமை தராது.

இன்னொன்று. நோட்டீஸ் வந்த கட்டத்திலேயே பார்த்திருந்தால் நிலுவை ரிட்டர்ன்களைத் தாக்கல் செய்து, வரி, வட்டி, தாமதக் கட்டணம் கட்டியதும் அதிகாரி நடவடிக்கையைக் கைவிட்டிருக்க முடியும். பதில் சொல்ல ஏழு வேலை நாள் அவகாசம் தந்திருப்பார்கள். அந்த ஏழு நாள் வேறொருவரின் இன்பாக்ஸில் கழிந்துபோனது.

இமெயில், கைபேசி எண்ணை மாற்றுவதற்கு யாருக்கும் ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டாம். கணக்கு பார்த்தவர் ஒத்துழைக்காவிட்டால், அடையாள ஆவணத்துடனும் தொழில் தன்னுடையது என்பதற்கான சான்றுடனும் தன் எல்லைக்குரிய அதிகாரியிடம் எழுத்து மூலம் கேட்கலாம். புது இமெயிலும் எண்ணும் ஏறியதும் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம். அதன்பின் ஓடிபி வாசகியின் போனுக்கு வரும். கணக்கை யார் பார்த்தாலும் சரி, ஓடிபி முதலாளியின் கையில் இருக்க வேண்டும்.

புது நம்பர் யோசனைக்கு வருவோம். மலிவாகத் தோன்றும் இந்த வழியைக் கணினி மையங்களிலேயே சொல்லித்தருகிறார்கள். அது பலிக்காது. அதே பானில் ஏற்கெனவே ஒரு பதிவு ரத்தாகி, அதை மீட்க மனுவும் செய்யாமல் புதிதாக விண்ணப்பிப்பவர்களைக் கவனமாகப் பார்க்கும்படி 2019 மார்ச் 28 அன்றே மத்திய மறைமுக வரி வாரியம் அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதையே காரணமாக்கி விண்ணப்பத்தை நிராகரிக்கலாம். நிராகரிக்காவிட்டாலும் பழைய பாக்கி அழியாது. ரத்துக்கு முந்தைய காலத்தின் வரிப் பொறுப்பு ரத்துக்குப் பிறகும் தொடரும் என்கிறது 29-ஆவது பிரிவு. விண்ணப்பத்தில் பழைய பதிவை மறைத்தால் அது வேறொரு குற்றம்.

பணக் கணக்கைப் பார்த்தால் வாசகியின் பயத்தில் பாதி தேவையற்றது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடும் திட்டத்தில் இருந்ததாகவும், ரத்துக்கு முன் மூன்று காலாண்டு விடுபட்டதாகவும், அவற்றில் ஒன்றில் வியாபாரமே இல்லை என்றும் எழுதியிருக்கிறார். ஆண்டு விற்பனை 1.5 கோடி ரூபாய் வரை உள்ளவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்னின் தாமதக் கட்டணம் எவ்வளவு நாள் ஓடினாலும் ஒரு ரிட்டர்னுக்கு 2,000 ரூபாயைத் தாண்டாது. வரியே இல்லாத நில் ரிட்டர்ன் என்றால் 500 ரூபாய்தான். ஆக மூன்றுக்கும் சேர்த்து அதிகபட்சம் 4,500 ரூபாய். வரிப் பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி தனி: 20,000 ரூபாய் வரி ஓராண்டு தாமதமானால் 3,600 ரூபாய். வியாபாரம் இல்லாத காலத்துக்கு ரிட்டர்ன் வேண்டாம் என்று வாசகி நினைத்ததுதான் முதல் தவறு. நில் ரிட்டர்னைக் கைபேசியிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் மூலமே தாக்கல் செய்யலாம். 2020 முதல் அந்த வசதி இருக்கிறது, காசு எதுவும் இல்லை.

270 நாளுக்குள் இருந்தால் ஆர்இஜி-21 படிவத்தில் மனு செய்ய வேண்டும். உத்தரவு தேதியிலிருந்தே ரத்து என்றால் நிலுவை ரிட்டர்ன்களையெல்லாம் முதலில் தாக்கல் செய்துவிட்டுத்தான் மனு. முன்தேதியிட்ட ரத்து என்றால் வரிசை மாறும்; மீட்பு உத்தரவு வந்த 30 நாளுக்குள் அந்த இடைக்கால ரிட்டர்ன்களைப் போட வேண்டும். துணி, நூல் வாங்கியதற்கான உள்ளீட்டு வரிக் கழிவுக்கும் அந்த 30 நாள் கைகொடுக்கும். ரத்தான நாளில் கெடு முடியாமல் இருந்த கழிவை இப்படி எடுக்க 2024-இல் சேர்க்கப்பட்ட 16(6) பிரிவு இடம் தருகிறது. 31-ஆவது நாளில் அந்தச் சலுகை இல்லை.

270 நாள் தாண்டியிருந்தால் அதிகாரியின் கை கட்டப்பட்டுவிடும். மேல்முறையீட்டுக்கும் மூன்று மாதம், கூடுதலாக ஒரு மாதம் என்பதே எல்லை. மிஞ்சுவது ரிட் மனு. இதில் தமிழ்நாட்டு வணிகர்களுக்கு ஆறுதலான முன்னுதாரணம் ஒன்று உண்டு. சுகுணா கட்பீஸ் சென்டர் என்ற நிறுவனமும் இன்னும் பலரும் தொடுத்த வழக்குகளில் 2022 ஜனவரி 31 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்தான பதிவுகளை நிபந்தனையுடன் மீட்டுக்கொடுத்தது. இவர்களை ஜிஎஸ்டி வளையத்துக்கு வெளியே நிறுத்திவைப்பதால் யாருக்கும் பயனில்லை என்பதே அந்தத் தீர்ப்பின் அடிப்படை. 45 நாளுக்குள் நிலுவை ரிட்டர்ன், வரி, வட்டி, தாமதக் கட்டணம் அத்தனையும் கட்ட வேண்டும், பழைய கழிவுப் பாக்கியில் நேர் செய்யக் கூடாது என்று நிபந்தனை. பின்னர் வந்த பலரும் இந்தத் தீர்ப்பைக் காட்டிப் பலனடைந்திருக்கிறார்கள். வாசகிக்கும் கிடைக்கும் என்று ஒரு பத்திரிகைப் பதிலில் உறுதி கூற முடியாது.

நம்பர் தனக்கு வேண்டுமா என்பதையும் வாசகி யோசிக்கலாம். சரக்கு மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை பதிவு கட்டாயமில்லை. 18 லட்சம் விற்பவர் உள்ளூரோடு நின்றால் நம்பர் இல்லாமலே தொழில் செய்யலாம். ஆனால் வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பினால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். வாளையாறு தாண்டுவதால்தான் இவருக்கு நம்பர் தேவைப்படுகிறது. ஒரு சதவீத காம்போசிஷன் திட்டத்திலும் வெளிமாநில விற்பனைக்கு இடமில்லை. பாலக்காட்டை விட்டுவிட முடிவு செய்தாலும் பழைய ரிட்டர்ன்களும், ரத்தான மூன்று மாதத்துக்குள் போட வேண்டிய ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதி ரிட்டர்னும் பாக்கி நிற்கும்.

கடிதத்தின் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறார்: பழைய பில் புக்கிலேயே இன்னும் வரி போட்டு பில் எழுதிவருகிறாராம். இதுதான் மிகவும் கவலை தருகிறது. பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கக் கூடாது. வசூலித்த வரியை அரசுக்குச் செலுத்தியே ஆக வேண்டும், அபராதமும் வரும். அந்தப் பில் புக்கை இன்றே மூடிவைக்க வேண்டும். கிழித்துப் போடக் கூடாது. ஒவ்வொரு பில்லும் வக்கீல் பார்க்க வேண்டிய ஆவணம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்ற கவலைக்கும் விடை உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, வழக்கு தொடுக்கவோ எதிர்கொள்ளவோ வேண்டிய பெண்கள் வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவச சட்ட உதவி கேட்கலாம். மாவட்ட ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது; ரிட் மனு என்றால் உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழு. கடிதத்தில் உள்ளதை மட்டும் வைத்து எழுதிய இந்தப் பதிலைக் கொண்டு எந்தப் படிவத்திலும் கையெழுத்திட வேண்டாம். ஜிஎஸ்டி பழக்கமுள்ள வக்கீலையோ, வரி ஆலோசகரையோ இந்த வாரமே நேரில் பார்க்க வேண்டும்.

போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை: ஆர்இஜி-17, ஆர்இஜி-19 பிரிண்டுகள், கடைசியாகத் தாக்கலான ரிட்டர்ன், கொள்முதல் பில்கள், அந்தப் பில் புக், இரண்டு ஆண்டு வங்கிக் கணக்கு விவரம். பாலக்காட்டுக்காரரிடம் பணம் ஏன் நிறுத்தப்பட்டது என்று எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொண்டால் நல்லது. பில்களில் உள்ள வரித் தொகைக்கு மட்டும்தான் அவருக்குக் கவலை என்றால், சரக்கின் விலையை விடுவிக்கச் சொல்லி வாசகி இப்போதே கேட்கலாம்.