கத்திரியில் தடுமாறும் ஓவர்க்ளாக்: வோல்டேஜைத் தொடும் முன்

மார்கழியில் ஓவர்க்ளாக் செய்து, இரவெல்லாம் சோதித்து, ‘இனி அசையாது’ என்று முடிவுகட்டிய கணினிகள் சித்திரை பிறந்ததும் காலை வாரத் தொடங்கும். கேம் நடுவே ப்ளூ ஸ்கிரீன் வரும். ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்கப் போனால் விடியும்போது லாகின் திரைதான் வரவேற்கும். அக்னி நட்சத்திரம் மே முதல் வாரத்தில் தொடங்கி மாதக் கடைசி வரை வாட்டும். உங்கள் கணினி இப்போதே தடுமாறினால், அதற்கு முன் சரிபார்த்துவிடுங்கள்.

கூலர் எவ்வளவு விலையானாலும் சிப்பின் சூட்டை அறைக் காற்றில்தான் இறக்குகிறது. அறை 26 டிகிரியாக இருந்தபோது 80-ல் நின்ற புராசஸர், அறை 36 ஆனால் அதே வேலைக்கு 90-ஐத் தொடும். சூடு ஏறினால் அதே வேகத்துக்குக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும். குளிர்காலத்தில் நூலிழையில் தப்பிய அமைப்பு இப்போது தப்பாது.

‘சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமே’ என்று நம்பியிருக்க வேண்டாம். ரைசன் 7 5800எக்ஸில் 90 டிகிரி, 7700எக்ஸில் 95, இன்டெல் 13700கே-யில் 100 என்று வைத்திருக்கும் வரம்பு சிப்பைக் காப்பாற்றுவதற்கு. நீங்கள் கையால் பூட்டிய வேகம் 85-லேயே கவிழலாம்.

இந்த இடத்தில் பலரும் செய்வது வோல்டேஜை ஏற்றுவது. கோடையில் அதைச் செய்யாதீர்கள். 1.30-ஐ 1.35 ஆக்கினால் மின்செலவு சுமார் 8 சதவீதம் கூடும். அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். மாறாக 4.7 கிகாஹெர்ட்ஸை 4.6 ஆக்கினால் இழப்பு 2 சதவீதம். கேமில் உங்கள் கண்ணுக்கே தெரியாது.

முதல் வேலை, பயோஸில் எல்லாவற்றையும் டிஃபால்ட்டுக்குக் கொண்டுவருவது. ராமின் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ உட்பட. அதுவும் ஓவர்க்ளாக்தான் என்பது பலருக்கு உறைப்பதில்லை. அப்படியே சில நாள் வழக்கம்போல் வேலை செய்யுங்கள். அப்போதும் விழுந்தால் குற்றவாளி ஓவர்க்ளாக் அல்ல.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரக டெஸ்க்டாப் சிப் வைத்திருப்பவர்கள் மற்ற எதற்கும் முன் பயோஸை அப்டேட் செய்ய வேண்டும். அளவுக்கு மீறிய வோல்டேஜால் அந்தச் சிப்கள் நாளடைவில் பழுதானதை இன்டெல்லே ஒப்புக்கொண்டு 2024-இல் திருத்தங்களை வெளியிட்டது. வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. டிஃபால்ட்டிலேயே விழும் சிப்பை எந்த அப்டேட்டும் மீட்காது. மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

டிஃபால்ட்டில் நன்றாக ஓடினால், ராமை அப்படியே விட்டுவிட்டுப் புராசஸரை மட்டும் பழைய வேகத்துக்கு ஏற்றுங்கள். ப்ரைம்95-இல் ‘ஸ்மால் எஃப்எஃப்டி’ ஓட்டுங்கள். அது ராமை அதிகம் தொடாது. கணினி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ரவுண்டிங் 0.5 வந்தது, 0.4-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று ஒரு வரி காட்டிவிட்டு ஒரு வொர்க்கர் நின்றுபோனால், அந்தக் கோர் தப்புக் கணக்குப் போட்டுவிட்டது என்று பொருள். மற்ற கோர்கள் சாதுவாக ஓடிக்கொண்டிருக்கும், பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். இதில் தேறினால் எக்ஸ்எம்பி-யைத் திரும்பப் போட்டு மெம்டெஸ்ட்86 ஓட்டுங்கள்.

விண்டோஸின் ஈவன்ட் வியூவரையும் திறந்து பாருங்கள். ‘வீயா-லாகர்’ பெயரில் 18 அல்லது 19 எண் நிகழ்வு இருந்தால் வன்பொருள் பிழை பதிவாகியிருக்கிறது. புராசஸர் கோர் என்று குறிப்பிட்டிருந்தால், எந்தக் கோர் என்பதை ஏபிஐசி எண்ணை வைத்துப் பிடிக்கலாம். ‘கெர்னல்-பவர் 41’ மட்டும் இருந்தால் கணினி முறையாக அணையவில்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. ப்ளூ ஸ்கிரீன்கூட வராமல் சட்டென்று அணைந்தால் எஸ்எம்பிஎஸ்-ஐயும் யுபிஎஸ்-ஐயும் சந்தேகியுங்கள். ஊரே ஏசி போடும் இரவில் வோல்டேஜ் இறங்குவது நமக்குப் புதிதல்ல.

ரைசனில் ஒரு விசித்திரம் உண்டு. கடும் சோதனையில் தேறிவிட்டு, சும்மா யூடியூப் பார்க்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோருக்கும் மைனஸ் 30 போட்டவர்கள் வீட்டில் இதைப் பார்க்கலாம். லேசான வேலையில்தான் ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவும். அந்த வேகத்துக்கு வோல்டேஜ் போதாமல் விழுகிறது. பிழை காட்டும் கோரை மட்டும் மைனஸ் 20, 15 என்று தளர்த்துங்கள். கோர்சைக்ளர் ஒவ்வொரு கோராகச் சோதித்துத் தரும்.

தூசி தட்டுவதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா! ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சில ஆண்டு ஆன பேஸ்டை மாற்றுங்கள். மேசையின் மூடிய அறைக்குள் கேபினெட் இருந்தால் வெளியே எடுத்துவையுங்கள்.

சோதனைகள் முடியும்வரை முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து, அதைக் கழற்றி வையுங்கள். தடுமாறும் கணினி, விழாமலேயே கோப்பைக் கெடுத்து எழுதக்கூடியது. பழைய வேகத்துக்கு ஐப்பசி மழை இறங்கியதும் திரும்பலாம். பயோஸை அப்டேட் செய்தால் அதில் சேமித்த ப்ரொஃபைல் பெரும்பாலும் அழிந்துவிடும் என்பதால், இன்றைய அமைப்புகளை ஒவ்வொரு பக்கமாகச் செல்ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.